கேரவன் இழுத்துட்டு ஐரோப்பா போறீங்களா? முதல்ல எடையைப் பாருங்க

பிரிட்டன்ல ஸ்கூல் லீவு நெருங்குது, இந்த தடவை வந்த கேள்வி பாதிக்கு மேல கேரவன் பத்திதான். கார்ல இழுக்குற கேரவனோட டோவர் தாண்டி பிரான்ஸ், ஸ்விஸ், ஜெர்மனின்னு குடும்பமா சுத்தணும்னு நிறைய பேர் கிளம்புறீங்க, சந்தோஷம். ஆனா வாங்கிட்டு யோசிக்கிற விஷயம் இல்ல இது, யோசிச்சிட்டு வாங்கணும். ஒவ்வொண்ணா பாப்போம்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர், ஜூலைல ஊர்ல இருந்து அப்பா அம்மாவும் வர்றாங்க. ஆறு பேரும் ஒரு மாசம் பிரான்ஸ், ஸ்விஸ், இத்தாலி போகணும்னு ஆசை. 7 சீட்டர் கார் இருக்கு, கெர்ப் வெயிட் (பயணிகளும் சாமானும் ஏத்தாத காரோட எடை) 1,750 கிலோ. பழைய 6 பெர்த் கேரவன் ஒண்ணு பாத்திருக்கோம், லோடோட சேத்து அதிகபட்ச எடை 1,600 கிலோன்னு போட்டிருக்கு. கார் புக்ல 2,000 கிலோ வரை இழுக்கலாம்னு இருக்கு, அப்ப தாராளமா வாங்கலாம்ல?

பதில்: இந்த கேரவன் வேண்டாங்க. புக்ல இருக்குற 2,000 கிலோங்கிறது காரால இழுக்க முடியுற அளவு, அவ்வளவுதான். மோட்டார்வேல லாரி ஓவர்டேக் பண்றப்ப காத்து தள்ளும், ஆல்ப்ஸ் இறக்கத்துல பின்னாடி இருந்து கேரவன் தள்ளும், அப்ப கார் அதை புடிச்சு நிறுத்துமாங்கிறது வேற கணக்கு. புதுசா இழுக்குறவங்களுக்கு கேரவன் கிளப்புகள் சொல்றது, கேரவனோட அதிகபட்ச எடை காரோட கெர்ப் வெயிட்ல 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு. உங்க காருக்கு அது கிட்டத்தட்ட 1,487 கிலோ, நீங்க பாத்திருக்குறது 91 சதவீதம். 85ங்கிறது சட்டம் இல்ல, ஆனா முதல் தடவை இழுக்குறீங்க, பின்சீட்ல பெரியவங்களும் பசங்களும் இருக்காங்க, இந்த இடத்துல ரிஸ்க் எடுக்கவே கூடாது.

அடுத்தது காரோட வின் பிளேட்டைப் (எடை அளவு எல்லாம் பொறிச்ச தகடு) பாருங்க, டிரைவர் டோர் பக்கமோ பானெட்டுக்கு அடியிலயோ இருக்கும். அதுல மேல இருக்குற எடை கார் மட்டும் லோடோட எவ்வளவு இருக்கலாம்னு, அதுக்கு கீழ இருக்குறது கார் பிளஸ் கேரவன் ரெண்டும் சேந்து எவ்வளவு இருக்கலாம்னு. இந்த ரெண்டாவது நம்பரை தாண்டினா அது சட்டப்படியே தப்பு, ஆக்சிடென்ட் ஆனா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறதும் இதைத்தான். ஆறு பேருன்னா ஆளுங்க எடையே 350, 400 கிலோ வந்துரும், அதோட கேரவன் மூக்கு காரோட டோபார் (கேரவனை மாட்டுற கம்பி) மேல அழுத்துற எடைன்னு ஒண்ணு இருக்கு, கேரவன் எடைல 5ல இருந்து 7 சதவீதம் இருக்கணும், அதாவது 1,600 கிலோவுக்கு 80ல இருந்து 112 கிலோ, அதுவும் கார் கணக்குலதான் ஏறும்.

இன்னொண்ணு, மூணாவது ரோ சீட்ல ஆள் உக்காந்தா டிக்கின்னு ஒண்ணு இருக்காது. அப்ப ஆறு பேரோட பெட்டி, அரிசி, குக்கர் எல்லாம் கேரவனுக்குள்ளதான் போகும். ஆனா கேரவன்ல ஏத்தக்கூடிய சாமான் எடை ரொம்ப கம்மி, நிறைய ஒற்றை ஆக்சில் மாடல்ல 150 கிலோ பக்கம்தான் வரும். அதுலயே பேட்டரி 20 கிலோ, அவ்னிங் (கேரவன் பக்கத்துல சேத்து கட்டுற கூடாரம்) 20, 25 கிலோ, மோட்டார் மூவர் (கேரவனை நகர்த்துற மோட்டார்) போட்டிருந்தா ஒரு 30 கிலோ போயிரும், மிச்சத்துல என்னத்த வைப்பீங்க? 6 பெர்த்ன்னா ஆறு பேர் படுக்கலாம்னு அர்த்தம், ஆறு பேரோட ஒரு மாச சாமானையும் தூக்கும்னு அர்த்தம் இல்ல. வண்டி ஓடுறப்ப கேரவனுக்குள்ள யாரும் உக்காரவும் கூடாது.

நான் உங்க இடத்துல இருந்தா 1,300ல இருந்து 1,400 கிலோக்குள்ள ஒரு 4 பெர்த் பாப்பேன், பசங்க அவ்னிங்ல இன்னர் டென்ட் போட்டு படுத்துக்கலாம், அவங்களுக்கு அதுதான் புடிக்கும். அப்பா அம்மாவுக்கு அதே கேம்ப்சைட்ல மொபைல் ஹோம் (அங்கயே நிறுத்தி வச்சிருக்குற ரெடி வீடு) வாடகைக்கு எடுங்க. ராத்திரி எழுந்து டாய்லெட் போற வயசுல அவங்களை கேரவன் பங்க்ல ஏறி இறங்க வைக்கிறது சரியில்ல, மொபைல் ஹோம்ல நல்ல கட்டில், தனி பாத்ரூம், கிச்சன் எல்லாம் இருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல நிறைய இடத்துல வார கணக்குலதான் தருவாங்க, அதனால ஊர் ஊரா பறக்காம ரெண்டு மூணு இடத்துல வாரக்கணக்குல தங்குற மாதிரி பிளான் பண்ணுங்க, பெரியவங்களோட போறப்ப அதுதான் நல்லதும்.

லைசென்ஸையும் பாத்துக்கோங்க. 1997 ஜனவரி 1க்கு அப்புறம் டெஸ்ட் பாஸ் பண்ணவங்களும் 2021 டிசம்பர் 16ல இருந்து சாதா கார் லைசென்ஸ்லயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம்னு பிரிட்டன்ல மாத்திட்டாங்க. ஆனா பழைய கார்டுல பி.இ-ன்னு (பெரிய டிரெய்லர் இழுக்குற அனுமதி) இருக்காது. ஐரோப்பால வெறும் பி லைசென்ஸ்க்கு 750 கிலோவுக்கு மேல டிரெய்லர்னா காரும் அதுவும் சேந்து 3,500 கிலோவுக்குள்ள இருக்கணும், அங்க ரோட்ல நிறுத்துற போலீஸ் கைல இருக்குற கார்டைத்தான் பாப்பாங்க. போறதுக்கு முன்னாடியே டி.வி.எல்.ஏ-ல (பிரிட்டன் லைசென்ஸ் ஆபீஸ்) புது கார்டு எடுத்துருங்க. எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வீக்கெண்டுக்கு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து பக்கத்துல எங்கயாவது போயிட்டு வாங்க, ரெண்டு பெரிய கேரவன் கிளப்புமே இழுக்குறதுக்கும் ரிவர்ஸ் எடுக்குறதுக்கும் கிளாஸ் நடத்துறாங்க, அந்த காசு வீண் போகாது.

கேள்வி (லெஸ்டர்): ஒருத்தர் 9,000 பவுண்டுக்கு கேரவன் விக்கிறார். பாக்க பளபளன்னு இருக்கு. கேஷ்னா 500 குறைக்கிறேங்கிறார், லாக் புக் கேட்டா கேரவனுக்கு அதெல்லாம் கிடையாதுங்கிறார். நம்பலாமா?

பதில்: லாக் புக் விஷயத்துல அவர் சொல்றது உண்மைதான், கார் மாதிரி கேரவனுக்கு வி5சிங்கிற பதிவுப் பேப்பர் கிடையாது. அதனாலதான் திருட்டு கேரவன் விக்கிறது சுலபமா இருக்கு, அதனாலதான் நீங்க ரெட்டிப்பா செக் பண்ணணும். 1992ல இருந்து வந்த பிரிட்டிஷ் கேரவன்ல கண்ணாடில ஒரு 17 இலக்க நம்பர் பொறிச்சிருப்பாங்க, சேஸிஸ்லயும் அதே நம்பர் இருக்கணும், ஒவ்வொரு ஜன்னலா பாருங்க, எங்கயாவது சுரண்டியிருந்தா அப்படியே திரும்பி வந்துருங்க. அந்த நம்பரை வச்சு கிரிஸ்ங்கிற ரெஜிஸ்டர்ல காசு கட்டி செக் பண்ணலாம், திருட்டு ரிப்போர்ட், பாக்கி லோன், இன்ஷூரன்ஸ் ரைட்-ஆஃப் (ரிப்பேருக்கு லாயக்கில்லன்னு கழிச்சது) எல்லாம் தெரிஞ்சிரும். பேப்பர்ல இருக்குற அட்ரஸ் வீட்லதான் வண்டியை பாக்கணும், ரோட்டோரத்துல, சர்வீஸ் ஸ்டேஷன்ல வச்சு காட்டுறேன்னா போகாதீங்க.

பளபளப்பு ஒரு கணக்கே இல்ல, கேரவனை கொல்றது ஈரம். மழைத்தண்ணி ஜாயின்ட்ல கசிஞ்சு சுவருக்குள்ள இறங்கி மரம் உளுத்துப்போகும், வெளிய ஒண்ணும் தெரியாது. டேம்ப் மீட்டர் வச்சு எல்லா மூலையும், ஜன்னலை சுத்தியும், பெட்டுக்கு அடியிலயும், அலமாரி உள்ளயும் பாருங்க. 15 சதவீதத்துக்கு கீழ இருந்தா நிம்மதி, 20க்கு மேல போனா ரிப்பேர் செலவு வருது, 30ன்னா உள்ள கட்டமைப்பே போயிருச்சுன்னு வச்சுக்கோங்க. கதவை திறந்ததும் ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலா அடிச்சா ஏன்னு கேளுங்க. தரைல நடந்து பாருங்க, அடுப்பு பக்கத்துலயும் வாசல்லயும் மெத்து மெத்துன்னு அமுங்கினா ஃப்ளோர் உள்ள பிரிஞ்சிருக்கு.

டயர்ல பட்டன் புதுசா தெரியும், ஏன்னா கேரவன் வருஷத்துல முக்காவாசி நாள் சும்மா நிக்குது. ஆனா ரப்பர் நின்ன இடத்துலயே வயசாகுது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2318ன்னா 2018ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். 5 வருஷத்துல மாத்துறது நல்லது, 7 தாண்டுனதுல ஐரோப்பா பக்கம் தலையே வைக்கக் கூடாது. சர்வீஸ் புக்ல வருஷா வருஷம் கேஸ், கரண்ட், பிரேக், ஈரம் எல்லாம் செக் பண்ண சீல் இருக்கான்னு பாருங்க.

500 பவுண்டு டிஸ்கவுண்ட்டுக்காக கேஷ் குடுக்காதீங்க. தனியார்கிட்ட வாங்கினா, அவர் சொன்ன விவரத்துக்கு பொருள் ஒத்துப்போகணும், அதுக்கு மேல சட்டத்துல உங்களுக்கு பெருசா பிடிமானம் இல்ல, எழுத்துல ரசீதாவது வாங்குங்க. டீலர்கிட்ட விலை கூடதான், ஆனா 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் படி குறை இருந்தா 30 நாளைக்குள்ள திருப்பி குடுத்து முழு பணமும் கேக்கலாம், முதல் 6 மாசத்துல வர்ற குறை வாங்குறப்பவே இருந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்கிற வேலை டீலரோடது. அட்வான்ஸை மட்டுமாவது கிரெடிட் கார்டுல 100 பவுண்டுக்கு மேல கட்டுங்க, வண்டி விலை 30,000 பவுண்டுக்குள்ள இருந்தா பிரிட்டன் கிரெடிட் சட்டத்தோட செக்ஷன் 75 படி முழு விலைக்கும் கார்டு கம்பெனியும் பொறுப்பு. முதல் கேரவனுக்கு நான் டீலர் பக்கம்தான்.

கேள்வி (ஸ்லவ்): எனக்கும் பையனுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட், ஐ.எல்.ஆர் (பிரிட்டன்ல நிரந்தரமா இருக்குற அனுமதி) இருக்கு. விசா எடுக்கணுமா? எந்த நாட்டுக்கு எடுக்குறது, நாங்க அஞ்சு நாடு போறோம்.

பதில்: மனைவிக்கு ஷெங்கன் விசா (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கு பொதுவான விசா) கண்டிப்பா வேணும், ஐ.எல்.ஆர் அதுக்கு உதவாது. எங்க அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்கு போடணும், நாள் எல்லாம் சமமா இருந்தா முதல்ல நுழையுற நாட்டுக்கு. கட்டணம் 90 யூரோ, அதுக்கு மேல விசா சென்டர் சர்வீஸ் சார்ஜ். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், சம்மருக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுதான் கஷ்டம், அதனால கேம்ப்சைட்டுக்கு திருப்பி தராத அட்வான்ஸ் எதுவும் விசா வர்றதுக்கு முன்னாடி கட்டாதீங்க, கேன்சல் பண்ணக்கூடிய புக்கிங்கா போட்டு அதை காட்டுங்க. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்கு குறையாம இருக்கணும். ஊர்ல இருந்து பெரியவங்க வர்றாங்கன்னா அவங்க அங்கயே ஷெங்கன் விசாவையும் எடுத்துட்டு வர்றதுதான் ஒழுங்கான வழி, குடியிருக்குற நாட்டுல போடணும்ங்கிறதுதான் பொது விதி.

சிங்கிள் என்ட்ரி (ஒரு தடவை மட்டும் நுழையுற) விசான்னா ரூட்டை கவனிங்க. குரோஷியா 2023 ஜனவரி 1ல இருந்து ஷெங்கன்ல இருக்கு, ஆனா டுப்ரோவ்னிக் போற பழைய கடலோர ரோடு நடுவுல கொஞ்ச தூரம் போஸ்னியா வழியா போகும், உள்ள போனா திரும்ப வர முடியாது. 2022 ஜூலைல திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியா போனா குரோஷியாவை விட்டே வெளிய வர வேண்டாம், நேவிகேஷன்ல அந்த வழியா வச்சுக்கோங்க.

உங்க ரெண்டு பேருக்கும் விசா வேண்டாம், எந்த 180 நாள்லயும் 90 நாள் வரை தங்கலாம்ங்கிற கணக்குதான். பாஸ்போர்ட் நுழையுற அன்னிக்கு 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், வெளிய வர்ற நாளுக்கு அப்புறம் 3 மாசம் மிச்சம் இருக்கணும். ஜி.எச்.ஐ.சி கார்டு (ஐரோப்பால அரசு வைத்தியத்துக்கு காட்டுறது) என்.எச்.எஸ் சைட்ல இலவசம், தேடினா மேல வர்ற விளம்பர சைட்ல காசு கேப்பாங்க, குடுக்காதீங்க.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ஒரு மாசம் பிரெட்டும் பாஸ்தாவும் சாப்பிட எங்க வீட்ல முடியாது. மிக்ஸி, ரைஸ் குக்கர், குக்கர் எல்லாம் கேரவன்ல ஓடுமா? நெய், கறிவேப்பிலை, கருவாடு எல்லாம் கொண்டு போலாமா?

பதில்: ஓடும், ஆனா ஒண்ணொண்ணா. பிரிட்டன்ல கேம்ப்சைட் கரண்ட் பெரும்பாலும் 16 ஆம்ப், ஐரோப்பால 10 ஆம்ப், 6 ஆம்ப்னு இருக்கும், சில சின்ன சைட்ல 4 ஆம்ப்தான். 6 ஆம்ப்னா மொத்தமா 1,380 வாட் வரைதான் இழுக்கலாம். வீட்டு கெட்டில் 2,000, 3,000 வாட் இழுக்கும், போட்ட உடனே ட்ரிப் ஆயிரும், ஒரு 1,000 வாட் கெட்டில் வாங்கிக்கோங்க. 750 வாட் மிக்ஸி பிரச்சனை இல்ல, 700 வாட் ரைஸ் குக்கரும் பிரச்சனை இல்ல, ஆனா ரெண்டையும் சேத்து போட்டா 1,450 வாட், போச்சு, தண்ணி ஹீட்டரும் கரண்ட்ல ஓடிட்டு இருந்தா சொல்லவே வேண்டாம். ஃபிரிட்ஜும் சார்ஜரும் பின்னாடி எப்பவும் கொஞ்சம் தின்னுட்டே இருக்கும், அதையும் கணக்குல வையுங்க. புக் பண்றப்பவே எத்தனை ஆம்ப்னு கேளுங்க, 10 ஆம்ப்புக்கு கொஞ்சம் கூட கேட்டா குடுத்துருங்க, சமைக்கிற குடும்பத்துக்கு அது வேணும்.

பிரான்ஸ்ல நிறைய சைட்ல லைவும் நியூட்ரலும் மாறி இருக்கும். வண்டி ஓடும், ஆனா சுவிட்சை ஆஃப் பண்ணாலும் உள்ள கரண்ட் இருக்கும், பசங்க இருக்குற வண்டில இது ஆபத்து. பிளக்ல மாட்டி பாக்குற சின்ன டெஸ்டர் ஒண்ணு, மாத்தி குடுக்குற அடாப்டர் ஒண்ணு, பழைய சைட்டுக்கு டூ பின் அடாப்டர் ஒண்ணு, மூணும் வாங்கி வச்சுக்கோங்க.

இட்லி, குக்கர் எல்லாம் கேஸ்லயே வையுங்க. பிரிட்டிஷ் கேலர் கம்பெனி கேஸ் சிலிண்டரை அங்க மாத்தித் தர மாட்டாங்க, காலி ஆனா காலிதான், அதனால ரெண்டு ஃபுல்லா எடுத்துட்டு போங்க. கேம்பிங்காஸ்ங்கிற கம்பெனி சிலிண்டர் பெரும்பாலான நாட்ல கிடைக்கும், ஆனா பெரிய 907 சிலிண்டர்லயே 2.75 கிலோதான் கேஸ், விலையும் கூட. வண்டி ஓடுறப்ப சிலிண்டரை மூடிருங்க. தாளிக்கிறது, மீன் வறுக்கிறது எல்லாம் ஒற்றை அடுப்பு வச்சு வெளிய காத்தாட பண்ணுங்க, உள்ள பண்ணா சோஃபா துணியெல்லாம் அந்த வாடை புடிச்சிக்கும், அப்புறம் விக்கிறப்ப அதுலயே விலை குறையும். மூடுன அவ்னிங்குக்குள்ள மட்டும் அடுப்பு, கரி எதுவும் பத்த வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அலாரம் ஒண்ணு கேரவன்ல கட்டாயம் இருக்கட்டும். தெற்கு பிரான்ஸ்ல காட்டுத்தீ பயத்துல கோடைல கரி அடுப்புக்கு நிறைய இடத்துல தடை.

சாமான் விஷயம்: பிரிட்டன்ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள கறி, பால் சம்பந்தப்பட்டது எதுவும் கொண்டு போக முடியாது. நெய், தயிர், பன்னீர், சிக்கன் ஊறுகாய், கறி வச்ச சாண்ட்விச் கூட கூடாது, குழந்தை பால் பவுடர் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. பச்சை கறிவேப்பிலைக்கு தாவர சுகாதார சர்டிஃபிகேட் வேணும், அதனால வேண்டாம், காய வச்சு பொடி பண்ணி சாம்பார் பொடியோட சேத்துருங்க. தேங்காயும் வாழைப்பழமும் அந்த சர்டிஃபிகேட் இல்லாமலே கொண்டு போலாம். கருவாடு மீன் கணக்குல வரும், சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு, ஆனா அந்த சின்ன கேரவனுக்குள்ள அதை ஒரு மாசம் வச்சிருக்கணுமான்னு யோசிங்க. அரிசி 20 கிலோ மூட்டையா தூக்காதீங்க, எடை ஞாபகம் இருக்கட்டும், பாரிஸ் லா ஷப்பேல்ல (தமிழ் கடைகள் இருக்குற பகுதி) எல்லாமே கிடைக்கும்.

கேள்வி (ஹரோ): வணக்கம் அண்ணா. பாரிஸில மச்சான்ர வீடு, பேர்ணில அக்கா வீடு, வரேக்க ஜெர்மனி ஹம் அம்மன் கோயிலுக்கும் போகவேணும். கேரவனோட போனால் ரோட்டுக் காசு எவ்வளவு வரும்? மச்சான்ர வீட்டு வாசல்ல நிப்பாட்டலாமோ? பிள்ளையள் கடலும் பார்க்கவேணும் எண்டு நிக்கினம்.

பதில்: மச்சான் வீட்டு வாசல் வேண்டாங்க. பாரிஸ் தெருவுக்குள்ள கேரவனை திருப்பவே இடம் இருக்காது, ரோட்ல நிறுத்தி அதுல படுக்குறதும் பெரும்பாலான ஊர்ல அனுமதி இல்ல. ஊருக்கு வெளிய ரயில் வசதி இருக்குற கேம்ப்சைட்ல போட்டுட்டு ரயில்ல போங்க, இல்ல மச்சானை கேம்ப்சைட்டுக்கு வரச்சொல்லுங்க. ஆகஸ்ட் கடைசில இல்ல செப்டம்பர் ஆரம்பத்துல ஒரு ஞாயித்துக்கிழமை லா ஷப்பேல் பக்கம் மாணிக்க விநாயகர் தேர் வரும், தேதி ஒத்து வந்தா விட்டுராதீங்க.

பிரான்ஸ் டோல்ல உயரம்தான் கணக்கு. கார் மட்டும்னா கிளாஸ் 1, கேரவன் உயரம் 2 மீட்டர் தாண்டுறதால ரெண்டும் சேந்து கிளாஸ் 2 ஆயிரும், கார் கட்டுறதைவிட ஒண்ணரை மடங்கு பக்கம் வரும். பாரிஸ், நார்மண்டி நடுவுல ஏ13, ஏ14 ரோட்ல கேட்டே கிடையாது, கேமரா நம்பரை புடிச்சுக்கும், 72 மணி நேரத்துக்குள்ள நீங்களா போய் ஆன்லைன்ல கட்டணும், மறந்தா ஃபைன். ஸ்விஸ்ல விக்னெட் (மோட்டார்வேல போக வாங்குற வரி ஸ்டிக்கர்) 40 ஃபிராங்க், வருஷம் பூரா செல்லும், ஆனா கேரவனுக்கு தனியா இன்னொண்ணு வேணும், ஆக 80. இதை நிறைய பேர் கோட்டை விட்டுட்டு பார்டர் தாண்டி 200 ஃபிராங்க் ஃபைன் கட்டுறாங்க. ஈ-விக்னெட்டை ஸ்விஸ் அரசாங்க சைட்லயே வாங்குங்க, அதே மாதிரி இருக்குற இடைத்தரகர் சைட்ல கூட புடுங்குவாங்க. ஜெர்மனில காருக்கு டோல் இல்ல, ஆனா கேரவனோட 80 கிலோமீட்டர் வேகம்தான், அதை தாண்டாதீங்க. பிரான்ஸ்லயும் காரும் கேரவனும் பேப்பர்ல சேந்து 3.5 டன் தாண்டினா மோட்டார்வேலயே 90தான். கூகுள் மேப் 6 மணி நேரம்னு சொன்னா நீங்க 8, 9 வச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போடாதீங்க. ஜூலை கடைசி, ஆகஸ்ட் ஆரம்ப சனிக்கிழமை பிரான்ஸ் ரோட்ல இறங்கவே வேண்டாம், நாடே லீவுக்கு கிளம்புற நாள் அது.

ஹம் காமாட்சி அம்பாள் கோயில் பெரிய திருவிழா மே, ஜூன்லயே முடிஞ்சிரும், ஆனா ஆகஸ்ட்ல போனா கூட்டம் இல்லாம நிம்மதியா கும்பிடலாம், திறக்குற நேரம் முன்னாடியே கேட்டுக்கோங்க. அங்க இருந்து நேரா கலே போகாம நெதர்லாந்து ஸேலண்ட் பக்கம் இறங்குங்க, டோம்பர்க், ரெனெஸ்ஸ மாதிரி ஊர்ல நீள மணல் கடற்கரை, குடும்ப கேம்ப்சைட் ஏராளம், பிள்ளைங்க ஆசையும் தீரும். அங்க இருந்து கலே வர்ற வழில இருக்குற வெஸ்டர்ஸ்கெல்டு டனல்ல 2025ல இருந்து காருக்கு டோலும் இல்ல. நெதர்லாந்துலயும் ஸ்விஸ்லயும் கேரவனோட பிரேக்அவே கேபிளை (கேரவன் கழண்டா அதோட பிரேக்கை போடுற கம்பி) டோபாலை (டோபார் நுனில இருக்குற உருண்டை) சுத்தி மாட்டக்கூடாது, தனி வளையத்துல மாட்டணும், அந்த வளையம் உங்க கார்ல இல்லன்னா கிளம்புறதுக்கு முன்னாடி டோபார் கடைல போட்டுக்கோங்க.

கேள்வி (கவென்ட்ரி): கேம்ப்சைட் விலை ஒரு சைட்ல 38 யூரோ, இன்னொண்ணுல 52ன்னு போட்டிருக்கு, ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. எதை புக் பண்றது? கேம்பிங் கார்டு வாங்கினா குறையுமா?

பதில்: அந்த 38 எத்தனை பேருக்குன்னு பாருங்க. நிறைய சைட்ல காட்டுற விலை ரெண்டு பேருக்கு மட்டும், பசங்களுக்கு தலைக்கு இவ்வளவு, கரண்ட்டுக்கு இவ்வளவு, டூரிஸ்ட் டாக்ஸ் தனி, சில இடத்துல புக்கிங் ஃபீஸும் உண்டு. போற எல்லாரையும் வயசோட போட்டு கடைசி பேஜ் வரை போய் வர்ற தொகையை ஒப்பிடுங்க, 52 போட்டவன் மலிவா இருக்கலாம். ஏ.சி.எஸ்.ஐ மாதிரி டிஸ்கவுண்ட் கார்டு நல்லதுதான், ஆனா அது ஆஃப் சீசனுக்கு, ஜூலை ஆகஸ்ட்ல பெரும்பாலும் செல்லாது, ஸ்கூல் லீவுல மட்டும் போறவங்க வாங்க வேண்டாம். அதுக்கு பதிலா பிரான்ஸ்ல ஊராட்சி நடத்துற முனிசிபல் கேம்ப்சைட் தேடுங்க, ஸ்லைடு, ஷோ எல்லாம் இருக்காது, சுத்தமா, மலிவா இருக்கும், நடந்து போற தூரத்துல ஊர் இருக்கும்.

பிட்ச் (உங்க கேரவனுக்கு ஒதுக்குற இடம்) அளவையும் கேட்டு எழுதி வாங்குங்க, கேரவன் நீளத்தை ஹிட்ச்சோட (கார்ல மாட்டுற முன்பகுதி) சேத்து சொல்லணும், அவ்னிங் அகலத்தையும் சொல்லணும். ரிசப்ஷன் பல சைட்ல மத்தியானம் 12ல இருந்து 2 வரை மூடிருவாங்க, ராத்திரி கேட்டும் மூடும், அதுக்கேத்த மாதிரி கிளம்புங்க. பிரான்ஸ்ல நீச்சல் குளத்துக்கு லூசான ஷார்ட்ஸ் போட்டா உள்ள விட மாட்டாங்க, ஒட்டுன டிரங்க்ஸ்தான், அப்பாவுக்கும் சேத்து இங்கயே வாங்கிட்டு போங்க, சைட் கடைல விலை கூட இருக்கும்.